மிஸஸ் நஞ்சுண்டன்

காட்டிக் கொடுத்தாள் என்று சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். வசந்தாமணி யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. தன் பெண்ணுக்குத் தான்தான் அம்மா என்று ஓர் ஆபீஸில் போய்ச் சொன்னாள், அவ்வளவுதான். அதற்குப் பெயர் காட்டிக் கொடுப்பதா?

நியூ ஜெர்சியில் பார்சிப்பனி ஊர்த் தமிழர்கள் கோயிலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுகிறார்கள். கிரீன் கார்டு கைக்கு வந்தது, கிளம்பிவிட்டாளாம். எவளோ ஒரு வெள்ளைக்காரியை நம்பிப் போனாளாம். பனியில் சறுக்குகிற ஒரு பாஸுக்காகப் புருஷனையும் பெற்ற பிள்ளைகள் இரண்டையும் விட்டாளாம். வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிக்கூட வாசலில் அவள் வந்து நிற்பது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

எல்லாரையும்விட மீனாக்ஷிக்குத்தான் வாய் நீளம். காரணம் இல்லாமல் இல்லை. கொழுந்தன் மகனைத் தன் மகன் என்று எழுதிக் கொடுத்துத்தான் அவள் வீட்டில் குடும்ப பாஸ் வாங்கியிருந்தார்கள். வசந்தாமணி போய்ப் பேசிவிட்டு வந்த பிறகு, பனிமலையில் பாஸ் விற்கிறவர்கள் நம்மவர் பெயரைப் பார்த்தாலே பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். நான்கு குடும்பத்துக்குப் பாஸ் போனது. கோபம் அங்கே இருக்கிறது. அதை நேராகச் சொல்ல வெட்கமாக இருப்பதால் பெற்ற பிள்ளை, கட்டின புருஷன் என்று சுற்றி வளைக்கிறார்கள்.

சேனாபதி கஞ்சன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கோபிச்செட்டிப்பாளையத்துக்காரன், பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை, வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டான். ஆனால் டீல், தள்ளுபடி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், வேறு மனுஷனாகிவிடுவான்.

ஆபீஸில் யாரோ கூட்டிப்போய்ப் பனியில் சறுக்குகிற ஸ்கீ பழக்கிவிட்டார்கள். அவனுக்குப் பிடித்துப்போனது. மகன் இளமாறனுக்கும் மகள் தென்றலுக்கும் பிடித்துப்போனது. கூடவே இருந்த தங்கை ராஜலக்ஷ்மிக்கு எல்லாரையும்விட அதிகம் பிடித்தது. அவளுக்கு இருபத்தேழு வயது, அதே ஊரில் வேலை. சனி ஞாயிறு வந்தால் ஊரிலிருந்து போனில் மாப்பிள்ளை ஜாதகம் பேசுவார்கள். மலைமேல் போனால் போன் கிடையாது. அவள் மட்டும், பனி மட்டும்.

வசந்தாமணி ஒரே ஒரு தடவை வாடகைப் பூட்ஸை மாட்டிக்கொண்டு குழந்தைகள் பழகும் சின்னச் சரிவில் நின்றாள். பத்தடி போவதற்குள் உட்கார்ந்தபடியே விழுந்தாள். சேனாபதி அதை வீடியோ எடுத்து, வீட்டுக்கு விருந்தாளி வந்த மூன்று தடவையும் போட்டுக் காட்டினான். மூன்றாவது தடவை, இன்னொரு முறை பழகிப் பார்க்கிறேன் என்று அவள் கேட்டாள். உனக்கு எதுக்கு, முட்டி போயிடும் என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சீசன் பாஸ் என்பது சாதாரண விஷயமில்லை. இந்த வருஷத்துப் பனி முழுக்க உருகுவதற்கு முன்னாலேயே அடுத்த வருஷத்துக்கு விற்க ஆரம்பித்துவிடுவார்கள். ஏப்ரலுக்குள் வாங்கினால் ஒரு விலை, செப்டம்பரில் ஒரு விலை, பனி விழுந்த பிறகு யானை விலை. தொண்ணூற்றாறாம் வருஷம் மார்ச்சில் சேனாபதியின் டைனிங் டேபிளில் தட்டு வைக்க இடமில்லை. வெர்மான்ட் மலைகளின் விளம்பரத் தாள்கள் ஒரு பக்கம், பொக்கோனோஸ் மலைகள் இன்னொரு பக்கம், நியூ ஜெர்சியிலேயே ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த சின்ன மலையின் தாள் நடுவில். வெர்மான்ட் பெரிய மலை, வானத்திலிருந்து விழுகிற பனி. ஆனால் போக ஐந்து மணி நேரம், இரண்டு நாள் மோட்டல். பொக்கோனோஸ் பாஸ் கிறிஸ்துமஸ் வாரத்தில் செல்லாது, பிப்ரவரியில் பள்ளிக்கூட லீவு நாட்களிலும் செல்லாது. பிளாக் அவுட் என்று அதற்குப் பெயர்.

பிள்ளைகளுக்கு லீவு விடும் நாளில் செல்லாத பாஸ் எதற்கு என்று அடுப்படியிலிருந்து வசந்தாமணி கேட்டாள். பி.காம். படித்தவள். சேனாபதி அடுத்த தாளைப் புரட்டினான். அரை மணி நேரம் கழித்து, தானே கண்டுபிடித்த மாதிரி அதைத் தங்கையிடம் சொன்னான். கடைசியில் பக்கத்து மலையையே முடிவு செய்தார்கள். பகலும் உண்டு, விளக்குப் போட்டுச் சாயங்காலமும் உண்டு, விலக்கு நாள் கிடையாது.

பாஸ் எடுக்க எல்லாரும் போனார்கள். படம் பிடிப்பதற்காக மற்ற நால்வரும் கழற்றிய ஜாக்கெட்டுகளைச் சுமந்துகொண்டு வசந்தாமணி சுவரோரமாக நின்றாள். தனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு பாஸ், தங்கைக்குத் தனி பாஸ், இதுதான் சேனாபதியின் திட்டம். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தட்டினாள். சேனாபதி நஞ்சுண்டன். நஞ்சுண்டன் அவன் அப்பா. அடுத்தது ராஜலக்ஷ்மி நஞ்சுண்டன். தலையை நிமிர்த்தி, மிஸஸ் நஞ்சுண்டனா என்று கேட்டாள். சேனாபதி காதில் மிஸ் என்று விழுந்தது. எஸ் என்றான்.

பிறகு பிள்ளைகள். இளமாறன் சேனாபதி, தென்றல் சேனாபதி. உன் முதல் பெயர் எப்படிப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயராகும் என்று அவள் கேட்டாள். எங்கள் ஊரில் அப்படித்தான் என்று இவன் விளக்கினான். விளக்க விளக்க அவளுக்குக் கண் சொருகியது. வரிசை பின்னால் நீண்டுகொண்டிருந்தது. போதும் என்று கையைக் காட்டிவிட்டு அச்சடித்துக் கொடுத்தாள். தாளைப் பார்த்தான். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளை, குடும்ப விலை. தங்கைக்கென்று தனிப் பணம் எதுவுமில்லை.

அந்த இடத்திலேயே தப்பு என்று சொல்லியிருக்கலாம். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தான்.

காரில் வரும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ராஜலக்ஷ்மி, ச்சீ போண்ணா என்று முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். வசந்தாமணியும் சிரித்தாள். அவள் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் பழனிசாமி, அவள் அப்பா பெயர், கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. வெள்ளைக்காரர்கள் கணக்கில் அந்த வண்டியில் இருந்த யாருக்கும் அவள் எதுவும் ஆகமாட்டாள். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

குளிர்காலம் வந்தது. இப்போது சேனாபதிக்கு வேறொரு கவலை பிடித்தது. பன்னிரண்டு தடவை போனால்தான் பாஸ் வசூலாகும், அதற்கு மேல் போவதெல்லாம் இலவசம். அதனால் மழை பெய்தாலும் போனார்கள், தென்றலுக்கு மூக்கு ஒழுகினாலும் போனார்கள். எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு வசந்தாமணியும் போனாள். லாட்ஜுக்குப் போகிறோம் என்று முதலில் சொன்னபோது, ரூம் போட்டுத் தங்கவா என்று கேட்டு மாட்டிக்கொண்டாள். அங்கே லாட்ஜ் என்றால் மலையடியில் எல்லாரும் பூட்ஸ் மாட்டுகிற பெரிய கூடம். ஐந்து பேருடைய செருப்பு, பை, மாற்று உடை, சாப்பாடு. ஜன்னலோரத்து மேஜையில் காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் அவற்றுக்குக் காவல். இரண்டு குளிர்காலம் அப்படி இருந்தாள்.

சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று சொல்வார்கள். பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகல் ஆட்டம் முடிந்து, விளக்கு வெளிச்சத்தில் சாயங்கால ஆட்டம் தொடங்குமுன் ஒரு மணி நேரம் மலையை மூடுவார்கள். அப்போது தடத்துப் பனியை வாரிச் சமன்செய்கிற வண்டி புறப்படும், க்ரூம் பண்ணுவது என்று அதற்குப் பெயர். டாங்கி மாதிரிப் பட்டைச் சக்கரம், முன்னால் அகலமான தகடு, பின்னால் உருளும் பற்கள். நாள் முழுக்க ஆட்கள் சறுக்கிச் சறுக்கி ஓரத்துக்குத் தள்ளிய பனியை முன் தகடு நடுவுக்குக் கொண்டுவரும். பின்னால் இருக்கும் பற்கள் இறுகிய பனியைக் கொத்தி, பொடித்து, மெழுகி, கடைசியில் ஒரு சீப்பால் வாரிவிட்ட மாதிரிக் கோடுகோடாக விட்டுவிட்டுப் போகும். வண்டி போன இடமும் போகாத இடமும் அவள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது.

மிச்சத்தைச் சொன்னவள் டோனா. நாற்பது வயது, கட்டைக்குரல். அந்த வண்டியை ஏழு வருஷம் ஓட்டியவள், முதுகு போனபின் கீழே வேலை கொடுத்திருந்தார்கள். லாட்ஜ் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. எந்தெந்தத் தடம் ராத்திரி வாரப்பட்டது என்று காலையில் அவள்தான் பச்சைக்கோடு போடுவாள். ஒருநாள் வறுவல் வாசனைக்கு வந்து உட்கார்ந்தாள். அப்புறம் வாரம் தவறவில்லை. வசந்தாமணியின் ஆங்கிலத்துக்கு அவள் சிரிக்கவில்லை. இவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் வாயில் வறுவலோடு காத்திருப்பாள்.

நியூ ஜெர்சியில் வானத்துப் பனியை நம்ப முடியாது, பாதி பீரங்கி மாதிரிக் குழாய் வைத்துத் தண்ணீரை ஊதிச் செய்கிற பனி என்று டோனா சொன்னாள். வாரிய தடத்தைச் சில மணி நேரம் சும்மா விட்டால்தான் இறுகிப் பதமாகும். மழை பெய்து அடுத்த நாள் உறைந்தால்தான் ஆபத்து. ஈரத்தோடு வாரினால் கூழாங்கல் மாதிரி உருண்டையாக உறையும். வாராமல் விட்டாலோ கண்ணாடி. அந்த மாதிரி நாளில் பச்சைக்கோடு இல்லாத தடத்துக்கு என் பிள்ளையாக இருந்தால் அனுப்பமாட்டேன் என்றாள். வசந்தாமணி அதைக் காதில் போட்டுக்கொண்டாள்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரி. சனிக்கிழமை முழுக்க மழை, ராத்திரி முழுக்க மழை. ஞாயிறு விடியும்போது நின்று, உடனே உறைந்தது. அந்த சீசனில் பதினோராவது தடவை அது. லாட்ஜில் கூட்டமே இல்லை. டோனாவுக்கு அன்று லீவு, வேறு யாரோ பலகையில் இரண்டே இரண்டு கோடு போட்டிருந்தார்கள். பிற்பகலில் தென்றல் சாப்பிட வந்தபோது, அத்தையோடு இடதுபக்கத் தடத்துக்குப் போகப் போகிறேன், அப்பா சொன்னார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எட்டு வயதுகூட நிரம்பவில்லை.

"ஏங்க, அந்த லெஃப்ட் சைடு வேண்டாங்க. ராத்திரி க்ரூம் பண்ணல. போர்டுல கோடு இல்ல பாருங்க. ஃபுல்லா ஐஸா இருக்கும்."

சேனாபதி தயிர்ச்சோற்றை வழித்துக்கொண்டிருந்தான். பக்கத்து மேஜையில் நம்மவர்கள் இரண்டு மூன்று பேர்.

"கேட்டீங்களா? ஸ்னோல கால் வெக்காதவங்க நமக்கு ஸ்கீயிங் கிளாஸ் எடுக்கறாங்க" என்றான். அவர்கள் சிரித்தார்கள். ராஜலக்ஷ்மி மட்டும், அண்ணி சொல்றது சரியா இருக்கலாம்ணா என்று மெதுவாகச் சொன்னாள். காலையிலிருந்து அந்த ரெண்டையே சுத்திட்டிருக்கோம், போர் அடிக்குது என்றான். போனார்கள்.

இருபது நிமிஷத்தில், மலையில் விழுந்தவர்களைத் தூக்கிவரும் சிவப்புச் சட்டை பட்ரோல்காரர் தென்றலைச் சறுக்குக் கட்டிலில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வளைவில் கால் நிற்காமல் மரம் வரைக்கும் போய்விட்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்த வசந்தாமணி கோட்டுகூடப் போடாமல் ஓடினாள். முதலுதவி அறை சின்னது. பெற்றோர் மட்டும் என்று பட்ரோல்காரர் வாசலில் கை வைத்து மறித்தார். அவர் மேல் குற்றமில்லை. தென்றலின் ஜாக்கெட்டில் தொங்கிய பாஸைப் பார்த்தார், சேனாபதியின் பாஸைப் பார்த்தார், ராஜலக்ஷ்மியின் பாஸைப் பார்த்தார். மூன்றிலும் ஒரே குடும்ப எண். அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார். வாசலில் நிற்கும் இந்த நாலாவது ஆளிடம் பாஸ் எதுவுமில்லை.

உள்ளே குழந்தை அம்மா, அம்மா என்று அலறிக்கொண்டிருந்தாள். பட்ரோல்காரர் நல்ல மனுஷர். குனிந்து, உன் மாம் இதோ இருக்காங்களே கண்ணு என்று ராஜலக்ஷ்மியைக் காட்டினார். குழந்தை இல்லை இல்லை என்று தலையை ஆட்டி மறுபடியும் அம்மா என்றாள். அவருக்குப் புரியவில்லை. சேனாபதியிடம் திரும்பி, ஹூ இஸ் அம்மா என்று கேட்டார்.

பாஸுக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருந்தது அவனுக்குத் தெரியும். ஆள்மாறாட்டம் செய்தால் குடும்பம் மொத்தத்துக்கும் ரத்து. வாசலில் நின்ற பெண்டாட்டியை ஒரு தரம் பார்த்தான்.

"அம்மா… தட்ஸ் தி பேபிஸிட்டர்" என்றான்.

வசந்தாமணிக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். ராஜலக்ஷ்மிக்கும் தெரியும். அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். பட்ரோல்காரர் வசந்தாமணியின் தோளை அணைத்த மாதிரி அழைத்துப்போய் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். கவலைப்படாதே, அவள் தன் அம்மாவோடு இருக்கிறாள் என்று ஆறுதல் சொன்னார். கதவைச் சாத்தினார். நாற்பது நிமிஷம் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஆம்புலன்ஸில் ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். அம்மா என்று ராஜலக்ஷ்மியை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் கார்டைக் கேட்டார்கள். அது சேனாபதியின் கம்பெனி கொடுத்தது, அதில் மனைவி என்று வசந்தாமணி பெயர் இருந்தது. நர்ஸ் வெளியே வந்து, மிஸஸ் வசந்தாமணி யார், குழந்தையின் அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். மலையில் பேபிஸிட்டர், முப்பது மைல் தள்ளி வந்தால் அம்மா. கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து அழுதாளா, சண்டை போட்டாளா என்றால் இல்லை. அழுதிருந்தால் ஊருக்கு அவளை நல்லவளாக வைத்துக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். தென்றல் தூங்கும் வரைக்கும் கட்டிலோரத்தில் இருந்தாள். அடுத்த நாள் காலை காபி கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ஆபீஸ்ல போய் நான்தான் அம்மான்னு சொல்லிட்டு வந்துருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அந்த டைம்ல வேற என்ன சொல்றது வசந்தா? ஃபிராடுன்னு போலீஸைக் கூப்பிட்டிருப்பாங்க. கிரீன் கார்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகல."

"இப்ப போய்ச் சொல்லுங்க."

"சீசன் முடியட்டும். ஏப்ரல்ல ரின்யூ பண்ணும்போது மாத்திடறேன். போதுமா?"

போதும் என்றாள். அவன் வார்த்தையை நம்பினாள். ராஜலக்ஷ்மியிடம் தனியாகக் கேட்டாள். தப்புதான் அண்ணி, ஆனா எனக்குன்னு அந்த மலை ஒண்ணுதான் இருக்கு, உங்களுக்கு வீடு, பசங்க எல்லாம் இருக்கே என்றாள். வசந்தாமணி அதற்கு மேல் அவளைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் மேல் அவளுக்குக் கடைசி வரைக்கும் கோபம் வரவில்லை.

ஏப்ரல் வந்தது. தென்றல் கட்டுப் பிரித்து, நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தாள். மறுபடியும் டைனிங் டேபிள் நிறையத் தாள்கள். இந்த வருஷம் வெர்மான்டுக்கு மாறிவிட்டால் பிரச்சினையே இல்லையே என்றுகூட சேனாபதி ஒருநாள் யோசித்தான். ஆனால் பழைய மலையில் புதுப்பிப்பவர்களுக்குத் தனித் தள்ளுபடி. அங்கேயே போனான்.

துணி மடிக்கும்போது அவன் சட்டைப் பையில் அந்தப் படிவத்தின் நகல் கிடைத்தது. வசந்தாமணி எழுத்துக்கூட்டிப் படிக்கவே தேவையில்லை. மனைவி என்ற கட்டத்தில் ராஜலக்ஷ்மி நஞ்சுண்டன். மாற்றச் சொல்லிக் கேட்டால் பழைய ரெண்டு வருஷத்தையும் தோண்டுவார்கள், கம்ப்யூட்டரில் இருக்கிறது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவன் விளக்கம் சொன்னான். அவள் அந்தத் தாளை மடித்து, இஸ்திரி போட்ட சட்டைகளின் மேல் வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ் ஏறியதும் டோனாவுக்குப் போன் செய்தாள். டோனா வந்து அழைத்துப் போனாள். பனி போய் மலை பச்சையும் சேறுமாகக் கிடந்தது. ஆபீஸில் மானேஜர் மட்டும் இருந்தார். கோப்பிலிருந்து தென்றலின் பிறப்புச் சான்றிதழை எடுத்து அவர் முன்னால் வைத்து, அம்மா என்ற இடத்தில் விரலை வைத்தாள். வசந்தாமணி பழனிசாமி. பிறகு தன் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தாள். பிப்ரவரியில் பெஞ்சில் உட்கார்ந்தது நான்தான், கம்ப்யூட்டரில் பெயரைச் சரி செய்யுங்கள் என்றாள்.

மானேஜர் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். பல தடவை கேட்டார். பிறகு விதியைச் சொன்னார். பெயரை மாற்ற முடியாது, பாஸ் மொத்தமும் ரத்து, இந்தக் குடும்பத்துக்கு இரண்டு வருஷம் விற்கக் கூடாது. குழந்தைகளுக்குமா என்று கேட்டாள். குழந்தைகளுக்கும்தான். அதை அவள் நினைத்தே பார்க்கவில்லை. பெயரை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை விட்டுவிட முடியாதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். முடியாது என்றார். தண்டனை வாங்கிக் கொடுக்கவா போனாள்? சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது டோனாதான் பேச்சை எடுத்தாள். என் வீட்டில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது, நவம்பரில் லாட்ஜ் சமையல்கட்டுக்கு ஆள் எடுப்பார்கள் என்று மட்டும் சொன்னாள். வேண்டாம், எனக்கு வீடு இருக்கிறது என்று வசந்தாமணி சொல்லிவிட்டாள். பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் வீட்டுக்கு வந்து அடை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மானேஜர் அதற்குள் சேனாபதியின் ஆபீஸுக்குப் போன் செய்துவிட்டார். ஐந்தரைக்கெல்லாம் வந்துவிட்டான். கத்துவான் என்று நினைத்தாள். கத்தவில்லை. கையில் ஒரு கவர். உள்ளே ஆபீஸில் டைப் அடித்து எடுத்துவந்த கடிதம். டைனிங் டேபிளில் விரித்து, பேனாவை மேலே வைத்தான். ராஜலக்ஷ்மியும் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"படிச்சுட்டு சைன் பண்ணு. இன்னும் எதையும் ஃபைனல் பண்ணல, எக்ஸ்ப்ளெயின் பண்ணினா பார்க்கறேன்னு சொல்லியிருக்காரு."

வசந்தாமணி அடைக் கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். நிதானமாகத்தான் படித்தாள். குழந்தைகளைப் பெற்றவள் நான்தான் என்று முதல் வரியில் இருந்தது. இரண்டாவது வரியில், சேனாபதிக்கு நான் முன்னாள் மனைவி என்று இருந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்காக அதே வீட்டில் தங்கியிருக்கிறேன். இப்போதைய மனைவி ராஜலக்ஷ்மி. கோபத்தில் தவறான அர்த்தம் வரும்படி பேசிவிட்டேன்.

ராஜலக்ஷ்மி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நான் உன் தங்கச்சி" என்றாள்.

"யாரு இல்லேன்னா? பேப்பர்தானே. நம்ம ஊர்லயா போய்க் காட்டப் போறோம்?" அவன் வசந்தாமணியிடம் திரும்பினான். "உன்னை அம்மான்னு எழுதியாச்சு பாரு. ஃபர்ஸ்ட் லைன்லயே போட்டிருக்கேன். அதைத்தானே கேட்ட?"

அதைத்தான் கேட்டாள். அவள் மறுபடியும் இரண்டாவது வரியைப் படித்தாள். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் செய்தவன் யாரும் கட்டாயப்படுத்தாமல், ஆபீஸில் உட்கார்ந்து, எழுத்துப் பிழை பார்த்து, தானே டைப் அடித்த வரி. இவள் கேட்டதற்காக ஒரு சொல்லை மாற்ற ரெண்டு மாதமாக முடியாதவனுக்கு, இதை மாற்ற ஒரு மத்தியானம் போதுமாக இருந்திருக்கிறது.

பேனாவை எடுத்தாள்.

"பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே ஃபுல் நேம் போடு" என்றான் சேனாபதி.

வசந்தாமணி பழனிசாமி என்று ஓர் எழுத்து விடாமல் போட்டாள். தேதியும் போட்டாள். அவன் மை காய ஊதினான்.

அடுப்பில் இருந்த கடைசி அடையைத் திருப்பிப் போட்டு எடுத்து மூடி வைத்தாள். பிள்ளைகள் அறைக்குப் போனாள். இளமாறன் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்குச் செய்தி தெரிந்திருந்தது. அம்மாகூட வர்றியா சாமி என்று கேட்டாள். உன்னால்தான் எல்லாரையும் தடை செய்துவிட்டார்கள் என்று திரையைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் சொன்னான். பதினோரு வயது, அவனுக்கு என்ன தெரியும்? தென்றல் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளிடமும் கேட்டாள். அவள் அண்ணனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், நாளைக்கு ஸ்பெல்லிங் டெஸ்ட் இருக்கிறது என்றாள். வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்கு வருவேன், என்னைத் தேடாதே, வாசல்லயே நிப்பேன் என்று சொல்லி அவள் தலையைக் கோதிவிட்டாள்.

இழுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று மீனாக்ஷி கேட்கிறாள். இழுத்துக்கொண்டு போயிருந்தால் அதற்கு வேறொரு பெயர் வைத்திருப்பாள்.

ஒரு பையில் நாலு துணி, பாஸ்போர்ட், கிரீன் கார்டு. வரவேற்பறை வழியாகத்தான் போனாள், ஒளிந்து போகவில்லை. ராஜலக்ஷ்மி இன்னும் செருப்போடு சுவரில் சாய்ந்து நின்றாள். சேனாபதி கவரை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டிக்கொண்டிருந்தான். கதவு திறக்கும் சத்தம் கேட்டது, நிமிரவில்லை.

"லாண்ட்ரிக்கா போற?" என்று கேட்டான். "வரும்போது அப்படியே தபால் பெட்டில இதைப் போட்டுடு."

வசந்தாமணி திரும்பி வந்தாள். கவரை வாங்கிக்கொண்டாள். போனாள்.